உள்ளே தள்ளிய வரிகள்

ஜூன் 3, திங்கள்

வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். கோவை, பீளமேட்டில் இரண்டாம் மாடி. லிஃப்ட் பொத்தான்களில் தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்து இல்லை. இங்கே புத்தகங்களைச் சரிபார்க்கும் ஷகிலா அக்கா என் விரலைப் பிடித்து, "மேல இருந்து மூணாவது" என்று காட்டினார். இனி காட்ட வேண்டியதில்லை.

பள்ளிப் பாடநூல்களைப் பார்வையற்ற பிள்ளைகள் கேட்டுப் படிக்கும் பேசும் புத்தகங்களாக மாற்றும் நிறுவனம் இது. ஒவ்வொரு புத்தகமும் கடைசியில் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பாக வெளியே வரும். பாடத்துக்கு ஒரு குறி, அதற்குள் பத்திக்கு ஒரு குறி, அதற்குள் வாக்கியத்துக்கு ஒன்று, டப்பாவுக்குள் டப்பா போல. அதைச் செய்வது பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு நிரல். அந்த நிரலைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை எடுத்திருக்கிறார்கள்.

பார்த்துக்கொள்ள என்று நானே எழுதிவிட்டேன். இருக்கட்டும். பிறந்ததிலிருந்து கண் தெரியாதவள் நான், ஆனால் இந்தச் சொல்லுக்கு வேறு சொல் தேடப் போவதில்லை.

மூன்று மாதம் தகுதிகாண் காலம். உடுமலையில் அண்ணன், "மூணு வாரத்துல திரும்பி வந்துருவா" என்று அம்மாவிடம் சொன்னாராம். அம்மா அதை அப்படியே என்னிடம் சொல்லிவிட்டார். நல்லது. இனி எனக்குத் தனியாக ஊக்கம் தேவையில்லை.

ஜூன் 4, செவ்வாய்

எட்டாம் வகுப்பு அறிவியல் கோப்பைத் திறந்தேன். கீழ் அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினேன். கோப்பு முடிந்துவிட்டது. மேல் அம்புக்குறி. ஆரம்பத்துக்கு வந்துவிட்டேன்.

மொத்தப் புத்தகமும் ஒரே வரி!

என் கணினியில் திரையை வாசித்துச் சொல்லும் குரல் இருக்கிறது. அது வரி வரியாகத்தான் வாசிக்கும். ஒரே வரி என்றால் மூச்சு விடாமல் போய்க்கொண்டே இருக்கும். நடுவில் ஓர் இடத்தைக் கண்டுபிடிக்க எழுத்து எழுத்தாக நகர வேண்டும். இன்று மதியம் வரை "ஒளிச்சேர்க்கை" பாடத்தின் ஆரம்பத்தைத் தேடினேன். நடுவில் குரல் திக்கித் திணறி நின்றேவிட்டது.

வரிகளை உடைத்து, உள்ளே போகப்போக ஓரத்தில் இடம் விட்டு, அதாவது இண்டென்ட் செய்து, எழுதினால் கதையே வேறு. ஓரத்து இடைவெளி கூடக்கூட என் கணினி உயர்ந்த சுருதியில் ஒரு சின்ன ஒலி எழுப்பும். பாடம் கீழ் சுருதி. பத்தி அதற்கு மேல். வாக்கியம் இன்னும் மேல். எந்த வரி எதற்குள் இருக்கிறது என்று வாசிக்கும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும்.

ஜூன் 6, வியாழன்

சுதாகர் சாரிடம் கேட்டேன். நிரலை முதலில் எழுதியவர் அவர்தான். எங்கள் குழுவுக்குத் தலைவரும் அவரே.

"சார், அவுட்புட்டை இண்டென்ட் பண்ணி எழுதலாங்களா?"

"எதுக்குங்க?"

"படிக்கறதுக்கு."

"அதை மெஷின்தானுங்களே படிக்குது. மெஷினுக்கு ஒரே வரி போதும்." கொஞ்சம் தயங்கி, "அதுவும் உங்களுக்கு எதுக்குங்க? இண்டென்ட் பாக்கறவங்களுக்குத்தானே?" என்றார்.

"பாக்கறவங்களுக்குக் கலர் கலரா காட்ட எடிட்டர் இருக்குதுங்க சார். எனக்கு அந்த இடைவெளி மட்டும்தான் இருக்குது."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சுதாகர் சார் சிரிக்கவில்லை. "வேண்டாம்னா வேண்டாங்க. காரணம் இருக்குது" என்றார். என்ன காரணம் என்று கேட்டேன். அவர் நாற்காலி திரும்பிக்கொண்டது.

காரணத்தைச் சொல்லாதவர் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. இது என் கொள்கை. இன்றுதான் கண்டுபிடித்தேன்.

ஜூன் 7, வெள்ளி

பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் நடைபாதையில் ஒரு ஸ்லாப் இல்லை. என் கோல் அதைத் தாண்டிப் போய்விட்டது. சின்னச் சிராய்ப்பு.

ஜூன் 10, திங்கள்

சுருக்கமாக. வலது கை ஓய்வெடுக்கிறது.

அம்மாவிடம் ஃபோனில் பேசினேன். "சாப்பிட்டயா சாமி?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். இட்லியை ஸ்பூனால் வெட்டிச் சாப்பிடலாம், ஒன்றும் கெட்டுப் போவதில்லை. சாம்பாரைத்தான் யாராவது ஊற்றித் தர வேண்டியிருக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

கட்டுப் போட்டிருப்பது வெறும் முன்னெச்சரிக்கை. டாக்டர்கள் எதற்கும் கட்டுப் போடுவார்கள். இடது கையால் தட்டுகிறேன். சொல்லப்போனால் இடது கை வலது கையைவிட ஒழுங்காக வேலை செய்கிறது. தவறு குறைவு.

ஜூன் 12, புதன்

எல்லாரும் பயன்படுத்தும் பொது நிரலைத் தொடவில்லை. என் கணினியில் மட்டும் ஒரு பிரதி எடுத்து வேலை செய்தேன். பைத்தானின் புதிய பதிப்புகளில் ஓரம் விட்டு எழுத ஒரே ஒரு கட்டளை போதும். இங்கே சர்வரில் இருப்பது பழைய பதிப்பு, அதில் அந்தக் கட்டளை இல்லை. அதனால் மினிடாம் என்று ஒரு பழைய வழி இருக்கிறதே, அதைப் பிடித்தேன். எழுதியது மூன்று வரி.

ஓடவிட்டேன். கோப்பைத் திறந்தேன். கீழ் அம்புக்குறி.

தாழ்வாக ஓர் ஒலி: புத்தகம். அடுத்து கொஞ்சம் மேலே: பாடம். இன்னும் மேலே: பத்தி. அதற்கும் மேலே வாக்கியம், வாக்கியம், வாக்கியம். பிறகு இறங்கி அடுத்த பத்தி. கோப்பின் முழு உருவமும் காதில் ஏறி இறங்கியது. இத்தனை நாளாகச் சுவராக நின்றது படிக்கட்டாகிவிட்டது.

புவியியல் கோப்பில் ஓரிடத்தில் ஒலி இறங்க வேண்டிய நேரத்தில் இறங்கவில்லை. போய்ப் பார்த்தால், ஆறாம் பாடம் முழுவதும் ஐந்தாம் பாடத்தின் கடைசிப் பத்திக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. ஷகிலா அக்காவைக் கூப்பிட்டேன். "இதை நான் ரெண்டு தடவை செக் பண்ணினேனே!" என்றார். அப்புறம் என் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு வெகுநேரம் கேட்டார்.

"அட, இது நல்லா இருக்குதே வசு!"

நல்லா இருக்கிறது என்று எனக்கும் தெரியும்.

ஜூன் 14, வெள்ளி

புவியியல் தவறைக் காட்டி மறுபடியும் கேட்டேன். சுதாகர் சார் தவறைத் திருத்தினார், நன்றி சொன்னார். இண்டென்ட்? "அதைப் பத்திப் பேச வேண்டாங்க."

திங்கள்கிழமையிலிருந்து அவர் லீவு. தங்கை மகனுக்குப் பழனியில் காதுகுத்து.

ஜூன் 18, செவ்வாய்

பொது நிரலில் என் மூன்று வரிகளைச் சேர்த்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

இரண்டு புத்தகங்களைச் சோதித்துப் பார்த்தேன், அறிவியலும் கணக்கும். அச்சுப் பிசகாமல் இருக்கின்றன. சுதாகர் சார் திரும்பி வந்து கேட்டால் சொல்வேன். மறைக்கப் போவதில்லை.

ஜூன் 21, வெள்ளி

எட்டாம் வகுப்பு வரிசை முழுவதும் பள்ளிகளுக்குப் போய்விட்டது, தமிழ் இலக்கணம் உட்பட. எல்லாம் என் படிக்கட்டுகளோடு.

அண்ணன் ஃபோன் செய்தார். "ஏன் பாப்பா, இப்பல்லாம் மெசேஜ் துண்டு துண்டா வருது?" என்று கேட்டார். வேலை அதிகம் என்றேன். அது பொய் இல்லை.

ஜூன் 25, செவ்வாய்

திருச்சிப் பக்கம் ஒரு பார்வையற்றோர் பள்ளியிலிருந்து தெரேசா டீச்சர் ஃபோன் செய்திருக்கிறார். நிர்மலா மேடம், எங்கள் நிறுவனத்தின் முதலாளி, எல்லாரையும் அறைக்குள் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"வேற்றுமைப் பாடம் நடத்திக்கிட்டிருந்தேன். ஏழாம் வேற்றுமை, 'ஊரின்கண்'. மெஷின் அதை 'ஊரின்'னு சொல்லி நிறுத்திட்டு, தனியா 'கண்' அப்படிங்குது. பின்னால இருந்து ஒரு பொண்ணு, 'ஊருக்கெல்லாம் கண்ணு இருக்கா டீச்சர்? எங்களுக்கு மட்டும்தான் இல்லையா?'ன்னு கேட்டுட்டா. வகுப்பே சிரிக்குது. எனக்குச் சிரிக்கறதா என்னன்னு தெரியலை."

மேடம் ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினார்.

"புத்தகம் பூரா இப்படித்தாங்க இருக்கு. 'வீட்டுக்' தனியா, 'கு' தனியா. உருபு எதுன்னு கேட்டா பிள்ளைங்க எதைச் சொல்லும்?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. இலக்கணப் புத்தகத்தில் உருபுகளை மட்டும் அழுத்திச் சொல்ல, சொல்லின் நடுவிலேயே ஒரு குறி போட்டிருக்கிறார்கள். மினிடாமுக்குக் குறி என்றால் குறிதான். அங்கேயும் வரியை உடைத்து, ஓரத்தில் இடம் விட்டிருக்கிறது. சொல்லுக்குள் இடைவெளி விழுந்துவிட்டது. அறிவியலிலும் கணக்கிலும் அப்படிச் சொல்லுக்குள் குறி இல்லை. அதனால்தான் என் சோதனையில் அகப்படவில்லை.

"நான் செஞ்ச மாத்தம் மேடம்" என்றேன். "சார் லீவுல இருந்தப்ப, கேக்காம செஞ்சேன்."

சுதாகர் சார் இன்று காலைதான் திரும்பியிருந்தார். எழுந்து தன் மேஜைக்குப் போய்விட்டார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

ஜூன் 26, புதன்

நிர்மலா மேடம் தனியாகக் கூப்பிட்டார். காபி வரவழைத்தார். காபி வந்ததுமே எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது.

"வசுமதி, உங்க குரல் ரொம்ப நல்லா இருக்கு. ஸ்கூல்ல இருந்து கால் வரும்போது பேச ஆள் வேணும். அந்தப் பக்கம் மாறிக்கறீங்களா? இந்த டென்ஷன் எல்லாம் இருக்காது. கையும் இப்படி இருக்கே."

"கை சரியாயிரும் மேடம். தப்பு செஞ்சதுக்கு வேலையை விட்டு எடுக்கறீங்கன்னா எடுத்துருங்க. குரலுக்காக வேற சீட்டுல வைக்கறதா இருந்தா வேண்டாங்க."

"நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

"சுதாகர் சார் தப்பு செஞ்சிருந்தா ஃபோன் எடுக்கச் சொல்வீங்களா?"

மேடம் காபியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. "வெள்ளிக்கிழமை பேசலாம்" என்றார்.

பாத்ரூமில் கொஞ்ச நேரம் நின்றேன். ஏசியில் எனக்கு எப்போதும் மூக்கு ஒழுகும்.

ஜூன் 27, வியாழன்

என் மூன்று வரிகளை நீக்கி, எல்லாப் புத்தகங்களையும் பழையபடி ஒரே வரியில் ஓட்டிப் பள்ளிகளுக்கு அனுப்பினோம். ஷகிலா அக்காவும் சுதாகர் சாரும் கூடவே இருந்தார்கள். கடைசியில் ஷகிலா அக்கா டீ வாங்கப் போனபோது நாங்கள் இருவர் மட்டும்.

"அந்தக் காரணத்தை இப்பவாவது சொல்லுங்க சார்."

அவர் பெருமூச்சு விட்டார். "இங்க சேர்ந்த புதுசுல நானும் அதைத்தாங்க செஞ்சேன். அதே மினிடாம். செய்யுள் புத்தகம். அடியெல்லாம் சிதறிப் போச்சு. பரீட்சைக்கு முந்தின வாரம். பிள்ளைங்க அப்படியே மனப்பாடம் பண்ணிட்டாங்க. அன்னிக்கு எல்லாத்தையும் ஒரே வரியாக்கினவன்தான். அதுக்கப்புறம் தொடவே இல்லை."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "கேட்டிருக்க மாட்டேன்."

முதல் முறையாக அவர் சிரித்தார்.

"ஆனா சார், நீங்க பயந்து விட்டுட்டீங்க. நான் விட மாட்டேன். தப்பு இண்டென்ட்ல இல்லை. எங்க உடைக்கலாம், எங்க உடைக்கக் கூடாதுன்னு அதுக்கு நம்ம சொல்லித் தரலை. அவ்வளவுதான்."

"எழுதிக் காட்டுங்க. ஆனா எழுத்து ஒண்ணு மாறினாலும் நான் விட மாட்டேன்."

"மாறினா நானே விட மாட்டேன்."

ஜூன் 28, வெள்ளி

மேடம் இன்று பேசவில்லை. செவ்வாய்க்கிழமை என்றார். சுதாகர் சார்தான் ஏதோ சொல்லித் தள்ளிப் போட வைத்தார் என்று ஷகிலா அக்கா சொன்னார். நான் கேட்கச் சொல்லவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

அண்ணன் சொல்லாமல் நான் தங்கியிருக்கும் விடுதிக்கு வந்துவிட்டார். பார்வையாளர் அறையில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டேன். மாவுக்கட்டு பெரியது.

"கையில என்ன பாப்பா?"

"கட்டுங்கண்ணா."

"அது தெரியுது. ஒடிஞ்சிருக்குதா?"

"லேசா."

"எப்ப?"

"இப்பத்தான்."

"உங்க வார்டன் மூணு வாரமாச்சுன்னு சொல்லுது." குரல் நடுங்கியது. கோபம் என்று முதலில் நினைத்தேன். "சாமானை எடு. வண்டி கீழ நிக்குது."

"வரலீங்கண்ணா."

"அங்க என்ன குறை உனக்கு? அம்மா இருக்குது, நான் இருக்கேன். நல்ல கம்ப்யூட்டரா வாங்கித் தாரேன், வீட்ல உக்காந்து தட்டு. ரோட்டுல விழுந்து எந்திரிக்கோணும்னு உனக்கு என்ன தலையெழுத்தா?"

"போன வருசம் மண்டில லாரி மேல இருந்து நீங்க விழுந்தீங்களே. தேங்காய் மண்டிய மூடிட்டீங்களா?"

"அது வேற பாப்பா. எனக்குக் கண்ணு தெரியுது."

"தெரிஞ்சும்தானுங்களே விழுந்தீங்க."

தப்பாகப் பேசிவிட்டேனோ என்று இருந்தது. திரும்ப எடுத்துக்கொள்ளும் எண்ணம் இல்லை. அவர் பை ஒன்றை என் மடியில் வைத்தார். நெய் முறுக்கு வாசனை. ஒரு முறுக்கை உடைத்து என் இடது கையில் கொடுத்தார்.

"அம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லலை. நீயே சொல்லிக்கோ."

"சொல்றேன்."

"ஆடிக்கு வருவயா?"

"பஸ்ல வர்றேன்."

வாசல் வரை போனவர் திரும்பி வந்து, வார்டன் சொன்ன அந்த ஸ்லாப் எந்த இடத்தில் இல்லை என்று கேட்டார். சொன்னேன். போய்விட்டார்.

மாலையில் அம்மாவிடம் சொன்னேன். அழுதார். முடிந்ததும், எந்தக் கையால் தலை சீவுகிறாய் என்று கேட்டார். தலையைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

ஜூலை 2, செவ்வாய்

மினிடாமை விட்டுவிட்டேன். ஒவ்வொரு குறியாக உள்ளே இறங்கிப் போகும் ஒரு துணை நிரலை நானே எழுதினேன். அதற்கு ஒரே ஒரு சட்டம்: ஒரு குறிக்குள் வேறு குறிகள் மட்டும் இருந்தால் வரியை உடை, ஓரம் விடு. எழுத்து ஒன்றாவது இருந்தால் கையை எடு, உள்ளே இருப்பது எதையும் தொடாதே.

சுதாகர் சார் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் குறுக்குக் கேள்வி கேட்டார். "ஒரு வாக்கியத்துல ரெண்டு அழுத்தக் குறி ஒட்டி ஒட்டி வருது, வெளிய எழுத்தே இல்லை. அப்ப?" நான் அதை யோசித்திருக்கவில்லை. என் சட்டப்படி அங்கே உடைந்துவிடும். ஒட்டி நின்ற சொல் மறுபடியும் இரண்டாகிவிடும். கோபம் வந்தது, அவர் மேல் இல்லை. வாக்கியக் குறி என்றாலே உள்ளே போகக் கூடாது என்று சேர்த்தேன்.

பிறகு அவர் கேட்ட சோதனை. உள்ளே தள்ளும் முன் ஒவ்வொரு வாக்கியத்தின் எழுத்தையும் எடுத்துவை. தள்ளிய பின் மறுபடி எடு. ஒப்பிடு. ஓர் இடைவெளி கூடினாலும் புத்தகம் வெளியே போகாமல் நின்றுவிட வேண்டும். அலமாரியில் இருக்கும் எல்லாப் புத்தகங்களையும் ஓட்டினோம், அவருடைய அந்தச் செய்யுள் புத்தகத்தையும் சேர்த்து. அதை ஓட்டும்போது அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

"வாங்க சார். ஒண்ணும் மாறலை."

வந்து, தானே ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். இன்னொரு முறையும்.

மேடத்தின் முடிவும் இன்று வந்தது. தகுதிகாண் காலம் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பு. கேட்காமல் பொது நிரலைத் தொட்டதற்கு எச்சரிக்கை, எழுத்தில். எச்சரிக்கை நியாயம், கையெழுத்துப் போட்டேன், இடது கையால், கோணலாக. நீட்டிப்பு நியாயம் இல்லை, அதையும் மேடத்திடம் சொன்னேன். "சொல்லுவீங்கன்னு தெரியும்" என்றார். ஃபோன் சீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஜூலை 5, வெள்ளி

கட்டுப் பிரிக்க இன்னும் நாளாகுமாம். முன்னெச்சரிக்கைதான்.

ஜூலை 8, திங்கள்

புதிய நிரல் பொதுவில் ஏறியது. இந்த முறை சுதாகர் சாரே என் கணினியிலிருந்து ஏற்றினார். ஏற்றும் முன் ஒரு பேச்சு வந்தது.

"நம்ம வேலை செய்யற வரைக்கும் இண்டென்ட் இருக்கட்டுங்க. ஸ்கூலுக்கு அனுப்பும்போது மறுபடி ஒரே வரியாக்கிடலாம். பிள்ளைங்க பாட்டைத்தானே கேக்கப்போகுது, பாடத்தைத்தானே கேக்கப்போகுது. அந்தக் கோப்பை யாருங்க தொறந்து பாக்கப்போறாங்க?"

"நான் தொறந்தேனுங்க."

அவர் தட்டுவதை நிறுத்தினார்.

"ப்ளஸ் டூ படிக்கறப்ப. பேசற புத்தகம் எப்படிப் பேசுதுன்னு தெரிஞ்சுக்கணும்னு பள்ளிக்கூட கம்ப்யூட்டர்ல கோப்பைத் தொறந்தேன். ஒரே வரி. ஒண்ணும் புரியலை. இதெல்லாம் நம்மளுக்கு இல்லைன்னு நினைச்சு மூடிட்டேன். அதுக்கப்புறம் பைத்தான் பக்கம் வர எனக்கு மூணு வருசம் ஆச்சுங்க சார்."

பக்கத்து மேஜையில் ஷகிலா அக்காவின் நாற்காலி மெல்லக் கிறீச்சிட்டது. பிறகு சுதாகர் சார் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. அனுப்பும்போது ஒரே வரியாக்கும் பகுதியை அவர் அழித்துக்கொண்டிருந்தார். என் கணினி ஒவ்வொரு வரியாக அதைச் சொன்னது.

"அப்படியே போகட்டும்" என்றார். "ஆனா ஒண்ணு. ஓரத்துல ரெண்டு இடம் விட்டாப் போதுங்க. நாலு அதிகம்."

"நாலு விட்டாத்தான் காதுக்குத் தெளிவா ஏறும்."

"கோப்பு பெருசாகுதுங்க."

"ஆகட்டுங்க."

"மூணு?"

"யாராவது மூணு வைப்பாங்களா சார்?"

டீ வரும்வரை சண்டை நடந்தது. டீ குடித்தபடியும் நடந்தது. ஷகிலா அக்கா இடையில் புகுந்து சமாதானம் செய்யப் பார்த்தார், இருவரும் சேர்ந்து அவரைத் துரத்திவிட்டோம். முடிவு ஆகவில்லை. நாளைக்கும் உட்காருவோம். அவர் நாளைக்கு வேறு காரணம் கொண்டு வருவார், எதுவாக இருந்தாலும் முழுதாகச் சொல்லட்டும், கேட்பேன்.

ஆனால் நாலுதான்.